சகோரம் தேடிச் சென்ற கால்கள்

நம் பாதத்தின் அளவை நாம் அறுபத்திரண்டாம் வயதில்தான் அறிந்துகொண்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். சட்டையின் அளவு நமக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியின் எண் தெரியும். இரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் அளவுகூட மாதந்தோறும் தெரிந்துவிடுகிறது. ஆனால் பிறந்தது முதல் நம்மைச் சுமந்து திரியும் இரண்டு பாதங்களின் நீளம் என்ன, அகலம் என்ன என்று எவரேனும் வினவியிருந்தால், செருப்புக் கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துத் தந்த எண்ணைத்தான் சொல்லியிருப்போம். அந்த எண் பிழையானது என்பதை, கடல் கடந்து சென்று, ஒரு பறவையைத் தேடி மலையேறி, ஏறிய மலையிலிருந்து இறங்க வகையறியாது நின்ற பிறகே உணர்ந்தோம்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகரான பாய்சியில் பணிபுரியும் நம் தங்கை மகனின் வீட்டில் இரண்டு மாதம் விருந்தினராகத் தங்கியிருந்தோம். அங்கே சென்ற பின்னர் மருமகன் வேட்டைப் பழக்கம் கொண்டவராகிவிட்டார். அண்டை வீட்டு முதியவர் ஒருவர் அவருக்கு ஆசான். இலையுதிர் காலம் பிறந்துவிட்டால் இருவரும் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டு நிலத்துப் பறவைகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் தேடிச் செல்லும் பறவையின் பெயரைக் கேட்டதும் நமக்கு வியப்பு மேலிட்டது. "சக்கர்" என்றார் மருமகன். அது வேறெதுவும் அன்று. நிலவொளியைப் பருகி உயிர் வாழ்வதாக நம் புலவர் மரபு போற்றிய சகோரமே! தமிழில் நிலாமுகிப்புள் என்றும் அதற்கொரு பெயருண்டு.

இப்பறவைக்குத் தாயகம் அமெரிக்கா அன்று. துருக்கி முதல் ஆப்கானிஸ்தான், காஷ்மீர், இமயச் சாரல் வரை பரந்து கிடக்கும் வறண்ட மலைகளே அதன் சொந்த நாடு. பாகிஸ்தானின் தேசியப் பறவையும் அதுவே. 1893-இல் கராச்சித் துறைமுகத்திலிருந்து ஐந்து சோடிப் பறவைகள் கப்பலேறி இல்லினாய் மாநிலம் சென்றன. அவற்றை வரவழைத்தவர் பிளேஸ்டெல் என்பார். பின்னர் பல மாநிலங்கள் சகோரத்தை வளர்த்துக் காடுகளில் விட்டன. ஈரமான நாடுகளில் அது தங்கவில்லை. மேற்கே நெவாடா, ஐடஹோ, ஆரிகன் முதலிய மாநிலங்களின் வறண்ட பாறைச் சரிவுகளில், பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் நிலைகொண்டுவிட்டது. நெவாடாவில் 1947-இல் அதற்கென முதல் வேட்டைப் பருவம் திறக்கப்பட்டது. அதே யூரேசிய நிலங்களிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் எனும் புல்லின் விதையும் குருத்துமே அங்கு அதன் முதன்மை உணவு. அன்னிய மண்ணில் ஒரு பறவையும் ஒரு புல்லும் ஒன்றையொன்று கண்டுகொண்ட கதை இது.

"மாமா, நீங்கள் துப்பாக்கி தூக்க வேண்டாம்; எங்களோடு நடந்து வந்தால் போதும். புலவர்கள் சொன்ன சகோரத்தை நேரில் காட்டுகிறேன்" என்றார் மருமகன். நாம் உடனே இசைந்தோம். இசைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நம் பெட்டியில் ஒரு சோடி பூட்ஸ் இருந்தது.

அந்தப் பூட்ஸின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமாயின், திண்டுக்கல் பேகம்பூருக்குச் செல்ல வேண்டும். நம் அத்தா அங்கே தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதிப்பதில் தொடங்கி, பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் நிலை வரை உயர்ந்தவர். ஆவாரம்பட்டையும், பின்னாளில் வாட்டில் பட்டையும், கடுக்காயும் ஊறும் தொட்டிகளின் வாடை அவர் உடம்பை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை இட்டுப் பதனிட்ட தோல்தான் பிரிட்டிஷ் படைவீரர் பலரின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று என்பதை அத்தா பெருமையோடு சொல்வார். ஆனால் அத்தாவின் கால்கள் ஒருநாளும் பூட்ஸ் அணிந்ததில்லை. சுண்ணாம்பு அரித்து வெடித்த அந்தப் பாதங்களுக்கு இரவில் வேப்பெண்ணெய் தடவிவிடுவது சிறுவயதில் நம் பணியாக இருந்தது.

தோலைப் பார்க்கும் வித்தையை அத்தா நமக்குக் கற்பித்தார். முதுகுப் பகுதித் தோலின் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். அது நெடுநாள் உழைக்கும். வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்தது. இழுத்தால் நீளும், நீண்டால் மீளாது. தோலை உள்நோக்கி மடித்தால் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டவுடன் மறைய வேண்டும். பெரிய மடிப்பாக விழுந்து நின்றுவிட்டால் அது சத்தற்ற தோல். மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டுச் சாயப் பூச்சால் மூடிய தோலும் உண்டு. அது கண்ணுக்கு மழமழப்பாக இருக்கும், மடிப்பில் பூச்சு வெடிக்கும். மேல்பரப்பின் மயிர்த்துளைகள் கண்ணுக்குத் தெரியும் முழுத்தோலே நீரையும் உராய்வையும் தாங்கும்.

2008-இல் சென்னையில் ஒரு கடையில் அத்தகைய முழுத்தோலால் ஆன பூட்ஸ் ஒன்றைக் கண்டோம். மடித்தோம், முகர்ந்தோம், விரலால் நீவினோம். அத்தா கைவைத்துப் பார்த்திருந்தால் "இதுதானப்பா தோல்!" என்றிருப்பார். கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டோம். வாங்கியதை அணிய மனம் வரவில்லை. அத்தா அணியாத பொருளை நாம் மண்ணில் மிதிப்பதா என்ற எண்ணமோ, பழுதுபட்டுவிடுமே என்ற உலோபமோ, இன்னதென்று பிரித்துச் சொல்ல இயலாது. துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, அலமாரியில் பத்தாண்டு பூட்டி வைத்திருந்தோம். ஐடஹோ மலைக்கு அதைவிடத் தகுந்த காலணி வேறேது?

குறித்த நாளில் விடியுமுன் புறப்பட்டு, பாய்சியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் சென்று, ஐடஹோவையும் ஆரிகனையும் பிரித்தோடும் ஸ்நேக் ஆற்றின் கரையை அடைந்தோம். அந்த ஆறு இன்னும் கீழே சென்று ஹெல்ஸ் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. அருகிலுள்ள சிகரத்திலிருந்து அளந்தால் அதன் ஆழம் ஏறக்குறைய 2,400 மீட்டர். வட அமெரிக்காவின் ஆறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் அதுவே மிக ஆழமானது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறைகள் படிப்படியாக எழுந்து நின்றன. பாறைகளுக்கிடையே உடைகற்கள் சரிந்து கிடந்தன. எங்கும் காய்ந்த புல், சாம்பல் நிறச் சேஜ் புதர்.

வண்டியை நிறுத்தியதும் முதியவர் தம் நாய்கள் இரண்டுக்கும் கால்களில் சிறு இரப்பர் உறைகளை மாட்டி, அவை கழன்றுவிடாதபடி துணி வைத்த ஒட்டுநாடாவால் சுற்றலானார். நாய்க்குப் பூட்ஸ்! நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அங்குள்ள பாறை கண்ணாடிச் சில்லுபோல் கூரியது என்றும், ஒரே நாளில் நாயின் பாதச்சதை பிய்ந்துவிடும் என்றும் மருமகன் விளக்கினார். முதியவர் நாயை விட்டு நிமிர்ந்து நம் கால்களைப் பார்த்தார். எப்போது வாங்கியது என்று மருமகன் வாயிலாகக் கேட்டார். "பத்தாண்டு ஆயிற்று, ஆனால் ஒருமுறைகூட அணியவில்லை, புத்தம் புதியது" என்று பெருமையோடு சொன்னோம். அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. வண்டியில் வைக்கப் போன ஒட்டுநாடாச் சுருளைத் திரும்ப எடுத்துத் தம் தோள்பையில் போட்டுக்கொண்டார். அதன் பொருள் நமக்கு அப்போது விளங்கவில்லை.

சகோரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. துரத்தினால் அது மேட்டை நோக்கி ஓடும்; நெருங்கினால் பள்ளத்தை நோக்கிப் பறக்கும். ஆகவே அதைத் தேடுபவர் மூச்சுவாங்க ஏற வேண்டும்; ஏறியபின் அது கீழே பறந்துவிட்டால் முழங்கால் நோக இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஏறினோம். ஒரு பாறை முகட்டின் கீழ் நாயொன்று ஒரு காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்றது. "சக், சக், சக்கர்" என்று ஒலி கேட்டது. அடுத்த கணம் பன்னிரண்டோ பதினைந்தோ பறவைகள் சரேலென எழுந்தன. சாம்பல் உடல், செக்கச் சிவந்த மூக்கும் கால்களும், கண்வழியே ஓடிக் கழுத்தில் மாலைபோல் வளைந்த கறுப்புப் பட்டை. புலவர்கள் நிலவைப் பருக வைத்த அழகு கண்ணெதிரே பறந்து ஆற்றை நோக்கி இறங்கிற்று. வேட்டையாடிய இருவரின் குண்டுகளும் வீணாயின. நாம் மகிழ்ந்து நின்றோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பறவைகள் இறங்கிய திசையில் நாமும் இறங்கத் தொடங்கினோம். ஏறும்போது குதிகால் பூட்ஸினுள் மேலும் கீழும் வழுக்கியதை உணர்ந்தோமாயினும் பொருட்படுத்தவில்லை. இறங்கும்போதோ பாதம் முன்னே சரிந்து, ஒவ்வோர் அடியிலும் கால்விரல்கள் பூட்ஸின் முனையில் மோதின. நூறடி இறங்கியிருப்போம். வலக்காலின் கீழ் ஏதோ நெகிழ்ந்தது. குனிந்து பார்த்தால் இரப்பர் அடித்தட்டு முன்பக்கத்திலிருந்து வாய் பிளந்து தொங்கியது. உள்ளிருந்த மெத்தையடுக்கு ஈரமான பிஸ்கோத்துபோல் உதிர்ந்து கல்லின்மேல் கொட்டியது. சில நிமிடங்களில் இடக்காலின் அடியும் பிரிந்தது. மேல்தோலில் ஒரு கீறலும் இல்லை. அத்தா கற்பித்தபடி பார்த்தெடுத்த தோல் அப்படியே மின்னிற்று!

முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மை ஒரு பாறைமேல் அமர்த்தி, நாய்க்கென எடுத்துவந்த ஒட்டுநாடாவால் அடித்தட்டையும் பூட்ஸையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஐம்பது அடிக்கொருமுறை கூரிய கல் நாடாவை அறுத்தது. மீண்டும் கட்டினார். சுருள் தீர்ந்தபின் துப்பாக்கியின் தோள்வாரை அவிழ்த்துக் கட்டினார் மருமகன். நம் ஒரு கையை அவர் தோளிலும் மறு கையை முதியவர் தோளிலும் போட்டபடி, உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கினோம். ஏற இரண்டு மணி நேரம். இறங்க ஐந்து மணி நேரம். வண்டியை அடைந்தபோது ஆற்றின்மேல் இருள் கவிந்துவிட்டது. ஆண்டு முழுதும் காத்திருந்து கிடைத்த விடுப்பு நாளை இருவரும் நம் பொருட்டு இழந்தனர். ஒரு பறவையும் பையில் இல்லை. நாய்களின் காலுறைகள் மட்டும் பழுதின்றி இருந்தன.

வீட்டில் காலுறையைக் கழற்றியபோது மருமகனின் மனைவி திடுக்கிட்டுவிட்டார். இரு குதிகால்களிலும் கொப்புளம் உடைந்து, காலுறை இரத்தத்தில் நனைந்திருந்தது. வலக்காலின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. நமக்கோ அவ்வளவு வலி தெரியவில்லை. வலி தெரியாததே அவரை அச்சுறுத்தியது. நெடுநாள் சர்க்கரை நோயுடையவர்களுக்குப் பாதத்தின் உணர்வு நரம்புகள் மங்கிவிடுகின்றன. புண் உண்டாவது தெரியாது, உண்டானபின் எளிதில் ஆறாது, ஆறாத புண் சிலருக்குக் காலையே கேட்டுவிடுகிறது. மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். புண் ஆறப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஒவ்வோர் இரவும் மருமகன் தரையில் அமர்ந்து நம் பாதத்தைத் தம் மடியில் வைத்து மருந்திட்டார். வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு அத்தாவின் காலடியில் நாம் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அத்தாவின் பாதங்களை வறுமை அரித்தது. நம் பாதங்களைப் புண்படுத்தியது அறியாமையன்றோ?

நடந்தது என்ன என்பதை முதியவரே பின்னர் விளக்கினார். இக்காலப் பூட்ஸ் பலவற்றில் இரப்பர் அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் இடையே பாலியூரித்தேன் என்னும் செயற்கை மெத்தை இருக்கிறது. கால் வைக்கும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் அதனுள் புகுந்து, நீராற்பகுப்பு என்னும் வேதிவினையால் அதன் பிணைப்புகளை அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில், காற்றுப் புகாத பையில் மூடிவைத்தால் அவ்வினை விரைந்து நிகழும். அணிந்து நடந்தால், காலின் அழுத்தம் உட்புகுந்த ஈரத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றும்; பெட்டிக்குள் கிடப்பதோ உள்ளேயே உளுத்துப்போகும். பழுதுபடக் கூடாதென்று எதைப் பூட்டி வைத்தோமோ, அது பூட்டி வைத்ததனாலேயே பழுதாயிற்று. தோலை அறிந்த நாம் அடியை அறியவில்லை.

புண் ஆறியபின் முதியவர் நம்மை ஒரு பழைய காலணிக் கடைக்கு அழைத்துச் சென்றார். மாலை நான்கு மணிக்குத்தான் போக வேண்டும் என்றார். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். மலையில் இருக்கப்போவதும் அந்த வீங்கிய கால்தான். வேட்டைக்கு அணியும் கம்பளிக் காலுறையையும் கையோடு கொண்டுவரச் சொன்னார். கடைக்காரர் ஓர் உலோகக் கருவியைத் தரையில் வைத்து, அதன்மேல் நம்மை எழுந்து நிற்கச் சொன்னார். நியூயார்க் மாநிலத்துச் சிரகியூஸ் நகரில், காலணி வணிகர் ஒருவரின் மகனான சார்லஸ் பிரானக் 1920-களில் கண்டுபிடித்த கருவி அது. அது பாதத்தின் நீளத்தை மட்டும் அளப்பதன்று. அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரத்தையும் அளக்கிறது. மூன்றாம் அளவே மிக முக்கியமானது என்றார் அவர். கால் மடங்கும் இடமும் பூட்ஸ் மடங்கும் இடமும் ஒன்றாக இருந்தாலன்றி நடை இனிதாகாது.

அளந்து முடித்ததும் உண்மை வெளிப்பட்டது. நம் பாதம் நாம் எண்ணியதைவிட நீளத்தில் ஓர் எண் குறைவு. அகலத்தில் இரண்டு படி கூடுதல். வலப்பாதம் இடத்தைவிட அரை எண் பெரிது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நீளத்துக்கே எண் உண்டு; அகலத்துக்குத் தனி எண் கேட்டுப் பழக்கமில்லை. அகலம் நெருக்கியதால் நாற்பதாண்டுகளாக நீளத்தைக் கூட்டி வாங்கியிருக்கிறோம். நீண்ட பூட்ஸில் குதிகால் நிலைகொள்ளாது. அதனால் ஏறும்போது உராய்ந்தது. முன்னே வெற்றிடம் இருந்ததால் இறங்கும்போது பாதம் சரிந்து விரல் மோதியது. அடித்தட்டு பிரியாதிருந்தாலும் நம் கால் அன்று புண்பட்டே இருக்கும்!

கடைக்காரர் வினவிய முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று, "எந்த நிலத்தில் நடக்கப் போகிறீர்கள்?" என்பதே. பறவை வேட்டைக்கான பூட்ஸ் என்று ஒரே பொருள் இல்லை. தெற்கு டக்கோட்டாவின் சமவெளியில் சோளக்கொல்லைகளுக்கிடையே ஃபெசன்ட் எனும் காட்டுக்கோழியைத் தேடுகிறார்கள். 1919-இல் ஒரே நாள் வேட்டையாகத் தொடங்கிய பழக்கம் அது. அங்கே வேண்டியது இலேசான பூட்ஸ். ஆழமான பற்கள் கொண்ட அடித்தட்டில் களிமண் அப்பிக்கொண்டு கால் கனத்துவிடும். கிழக்கே மெய்ன் மாநிலத்தின் ஈரக்காடுகளுக்கு வேறு பூட்ஸ். 1912-இல் லியான் லியன்வுட் பீன் என்பார், நனைந்த பாதத்தோடு வேட்டையிலிருந்து திரும்பிய துன்பத்தால், கீழே இரப்பரும் மேலே தோலும் இணைந்த பூட்ஸ் ஒன்றை ஆக்கினார். முதலில் விற்ற 100 சோடிகளில் 90 சோடிகள் தையல் கிழிந்து திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பித் தந்து, குறையைச் சீர்செய்து, மீண்டும் விற்றார். மலைப்பாறைக்கோ மூன்றாவது வகை வேண்டும். கணுக்காலை மூடிப் பிடிக்கும் உயரமும், பக்கவாட்டில் எளிதில் முறுகாத உறுதியும், பாறையைப் பற்றும் ஆழ்ந்த பற்களும் அதற்கு இன்றியமையாதவை. அத்தகைய பல்லுள்ள இரப்பர் அடித்தட்டை இத்தாலியின் வித்தாலே பிரமானி 1937-இல் உருவாக்கினார். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் உடன் வந்த தோழர் அறுவர் மாண்டதைக் கண்ட துயரம் அதற்குத் தூண்டுதல். இன்று உலகெங்கும் மலையேறுவோர் அதன் வழிவந்த அடித்தட்டின்மேல் நடக்கின்றனர்.

நீர் புகாத மெல்லிய செயற்கைச் சவ்வை உள்ளே வைத்துத் தைத்த பூட்ஸையும் காட்டினார். 1969-இல் ராபர்ட் கோர் கண்ட பொருளிலிருந்து பிறந்தது அச்சவ்வு. பனிபடர்ந்த புல்லிலும் சதுப்பிலும் அது பேருதவி. ஆனால் வறண்ட மலையில், வெயில் காயும் அக்டோபரில், அது வியர்வையைத் தேக்கிப் பாதத்தை அவித்துவிடும். நனைந்த தோலில் கொப்புளம் விரைவில் எழும். எல்லா வசதியும் இருப்பதே நல்ல பூட்ஸ் என்ற எண்ணம் தவறு.

எடையைப் பற்றியும் ஒரு சொல். 15 கிலோமீட்டர் நடப்பவர் ஏறக்குறைய 20,000 அடி வைக்கிறார். அதாவது ஒவ்வொரு பூட்ஸையும் 10,000 முறை தூக்குகிறார். ஒரு பூட்ஸில் 100 கிராம் கூடுதலாக இருந்தால், மாலைக்குள் அந்தக் கால் 1,000 கிலோ கூடுதலாகத் தூக்கியிருக்கும்! அமெரிக்க இராணுவ ஆய்வாளர்களான சோல், கோல்ட்மன் ஆகிய இருவர் 1969-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலில் கட்டிய சுமை, உடம்பில் சுமக்கும் அதே எடையைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு உழைப்பை வாங்குகிறது. ஆயினும் கனம் குறைந்ததே நல்லது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. மிக மெல்லிய பூட்ஸ் கூரிய பாறையில் ஒரு பருவத்துக்குள் கிழிந்துவிடும். உழைப்புக்கும் இலேசுக்கும் இடையே ஒரு நடுவழியைத் தேட வேண்டும். அந்த நடுவழி ஆளுக்கு ஆள், நிலத்துக்கு நிலம் மாறும்.

முதியவர் தம் பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். மேல்தோலும் அடித்தட்டும் ஒரு தோல்விளிம்பின் வழியாகத் தைத்து இணைக்கப்பட்டிருந்தன. இரப்பரைக் கந்தகமிட்டு உறுதியாக்கிய சார்லஸ் குட்இயரின் மகன், 1870-களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற இயந்திரம் அத்தையலை எங்கும் பரவச் செய்தது. அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புது அடி வைக்கலாம். முதியவர் இருமுறை அடி மாற்றியிருந்தார். பசையால் மட்டும் ஒட்டிய பூட்ஸ் இலேசானது. வாங்கிய நாளிலேயே இனிதாக இருக்கும். ஆனால் அடி போனால் பெரும்பாலும் பூட்ஸே போயிற்று. தைத்த பூட்ஸ் கனமானது. முதல் சில வாரம் காலோடு மல்லுக்கட்டும். பழகியபின் பல்லாண்டு உழைக்கும். எதைத் தேர்ந்தாலும் அதன் இயல்பை அறிந்து தேர வேண்டும் என்பதே அவர் கருத்து.

நாம் தைத்த பூட்ஸையே தேர்ந்தோம். இரு காலுக்கும் அணிந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ற எண்ணை எடுத்தோம். கடையிலிருந்த சாய்வுப் பலகையில் ஏறி இறங்கினோம். இறங்கும்போது விரல் முனையைத் தொடவில்லை. ஏறும்போது குதிகால் எழவில்லை. தோலை மடித்துப் பார்க்கவும் மறக்கவில்லை. அத்தா கற்பித்தது பொய்யில்லை. முழுமையாகாத பாடம், அவ்வளவே.

ஊர் திரும்ப இரண்டு வாரமே இருந்தது. வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம், பிறகு தெருவில், பிறகு பாய்சி நகரை ஒட்டிய குன்றடியில் என்று நடந்து நடந்து புதுத்தோலை நம் காலுக்குப் பழக்கினோம். எங்கேனும் சூடுபோல் உறுத்தினால் அப்போதே நின்று ஒட்டுத்துணி ஒட்ட வேண்டும், கொப்புளம் எழும்வரை காத்திருக்கலாகாது என்று கற்றோம். வலி தெரியாத கால் ஆதலால், வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். நனைந்த பூட்ஸை அடுப்பருகே உலர்த்தினால் தோல் வெடிக்கும். தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். எண்ணெயும் அளவோடு தடவ வேண்டும். இது அத்தா சொன்ன பாடமேதான்.

இப்போது அந்தப் பூட்ஸ் திண்டுக்கல்லில் நம் வாசல் திண்ணையில் கிடக்கிறது, அலமாரியில் அன்று. நாள்தோறும் விடியற்காலைத் தொழுகைக்குப் பின் அதை அணிந்து சிறுமலை அடிவாரம்வரை சென்று வருகிறோம். மூக்கில் கீறல் விழுந்துவிட்டது. நாடா இருமுறை அறுந்தது. அடியின் குதிப்பக்கம் தேய்ந்து, புது அடி வைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டவர்கள், "இவ்வளவு விலைகொடுத்து வாங்கியதை இப்படிப் போட்டு மிதிக்கிறீர்களே!" என்று அங்கலாய்க்கிறார்கள்.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் மருமகன் தொலைபேசியில் அழைக்கிறார். அந்த வீணான நாளைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. "மாமா, சகோரம் அங்கேயே இருக்கிறது, உங்கள் பூட்ஸ் எப்படியிருக்கிறது?" என்று மட்டும் கேட்பார்.

"தேய்ந்துகொண்டிருக்கிறது, கால் நன்றாயிருக்கிறது" என்று சொல்வோம்.